குனியாத மருமகள்

அறிவுச்செல்வன் தம் மகளைப் பற்றி நாலு பேரிடம் பெருமையாகப் பேசித் திரிந்தது மொத்தம் ஐந்தே மாதம். தொண்ணூற்றொன்பதாம் வருஷம் ஆனியில் ஆரம்பித்தது, ஐப்பசியில் முடிந்தது. அந்த ஐந்து மாதமும் அவள் பார்வை கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருந்தது. மனுஷர் பேசிக்கொண்டே இருந்தார். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. கடைசி வரை மூடி வைத்துச் சாமர்த்தியம் காட்ட இது ஒன்றும் பொழுதுபோக்குச் சமாச்சாரம் இல்லை.

கீழ்பென்னாத்தூர் மின்வாரிய ஆபீசில் அவர் லைன் இன்ஸ்பெக்டர். பெற்றவர்கள் வைத்த பெயர் அருணாசலம். திருவண்ணாமலைச் சுற்றுவட்டாரத்தில் கல்லை விட்டெறிந்தால் ஏதாவது ஒரு அருணாசலத்தின் மேல்தான் விழும். இருபத்திரண்டு வயதில் இயக்கத்தில் சேர்ந்தார், கருப்புச் சட்டை போட்டார், பெயரை மாற்றிக்கொண்டார். அதற்கப்புறம் அவர் கோபுரத்தை அண்ணாந்து பார்த்ததெல்லாம், அதில் சீரியல் பல்பு எரியவில்லை என்று கோயிலிலிருந்து கம்ப்ளெயின்ட் வந்தபோது மட்டும்தான். யார் காலிலும் விழுந்ததில்லை. தன் காலில் யாரையும் விழ விட்டதும் இல்லை. அந்த ஒரு விஷயத்தில் மனுஷர் சுத்தம்.

ஒரே மகள் கவிநிலா. அவள் ஒன்பதாவது படிக்கும்போதே அம்மா மஞ்சள் காமாலையில் போய்விட்டாள். தன்னைப் போலவே மகளும் மேடையேறிப் பேச வேண்டும் என்று அவருக்கு ஆசை. பேச்சுப் போட்டியில் ஏற்றி விட்டார். அவள் இரண்டு வரி சொல்லிவிட்டு மறந்து போய், கீழே இறங்கி வந்து பெஞ்சில் உட்கார்ந்துகொண்டாள். பிளஸ் டூவில் கணக்கில் ஒரு தடவை கோட்டை விட்டாள். "இது அவங்க அம்மா மாதிரி. வாயும் கெடையாது, வேகமும் கெடையாது" என்று வருகிற போகிற தோழர்களிடம் சொல்வார். அவள் டீ கொண்டு வந்து வைக்கும்போதே சொல்வார். காது அவளுக்கும் இருக்கிறது என்பது அவருக்குத் தோன்றியதே இல்லை.

அவளைத் திருவண்ணாமலையை ஒட்டிய வேங்கிக்காலில் கொடுத்தார். மாப்பிள்ளை குமரேசன் கலெக்டர் ஆபீசில் இளநிலை உதவியாளர். நல்ல பையன், கெட்ட பழக்கம் எதுவும் இல்லை. மாமியார் ராணியம்மாள் பௌர்ணமி தவறாமல் மலை சுற்றுகிறவள். அவர்கள் கூடத்துச் சுவரில் சாமி படம் மாட்ட இனி ஆணி அடிக்க இடம் இல்லை. தோழர் கண்ணாயிரம் விடுவாரா? "இன்னாப்பா, அரசாங்க மாப்ள கெடச்சாங்காட்டி சாமி கும்புடறவங்களா இருந்தாலும் தேவலையா?" என்று டீக்கடையில் நாலு பேர் எதிரில் கேட்டார். அறிவுச்செல்வன் சிரித்து மழுப்பினார். உள்ளே சுருக்கென்று குத்தியது.

குத்தியதற்குக் காரணம் இருந்தது. கல்யாணத்தன்று காலையில் மகளைத் தனியே கூப்பிட்டு அவர் சொன்னதை வேறு யாரும் கேட்கவில்லை. "அந்த வீட்ல பெரியவங்க கால்ல விழச் சொன்னா விழுந்துட்டுப் போம்மா. ஒரு நிமிஷ வேல. அப்பா ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன்." கவிநிலா தலையை ஆட்டினாள். முப்பது வருஷக் கருப்புச் சட்டையை அவர் அந்த ஒரு நிமிஷத்தில் கழற்றி வைத்தார்.

சித்திரையில் அவள் நாலு நாள் இருந்துவிட்டுப் போக அப்பா வீட்டுக்கு வந்தாள். ஒரு நாள் காலையில் கீழே சிந்திய பொட்டுக்கடலையைப் பொறுக்கக் குனிந்தவள், சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

"இன்னாம்மா?"

"குனிஞ்சா கண்ணு இருட்டிப் போயிடுதுப்பா. கரண்ட் போயிட்டு வர்ற மாதிரி. பத்து எண்றதுக்குள்ள வந்துடுது." கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னாள். "காலையில எழுந்தா தலவலி தாங்க முடியல. காதுக்குள்ள மோட்டார் ஓடற சத்தம் வேற கேட்டுக்கினே இருக்குது."

அவள் ஒரே மூச்சில் அத்தனை பேசியது அந்த வருஷத்திலேயே அதுதான். அவருக்கோ அதில் வேடிக்கைதான் தெரிந்தது. "எந்த ஃபீடர், எந்த லைன்னு சொல்லு, கம்ப்ளெயின்ட் எழுதிக்கிறேன்" என்றார். அவளும் சிரித்தாள். வெயில் ஜாஸ்தி, இளநீர் குடி, சரியாகப் போய்விடும் என்றார். அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. பஸ் ஏற்றும்போது இன்னொன்றும் சொன்னார்.

"அங்க போயி இதெல்லாம் சொல்லிக்கினு இருக்காத. கண்ணுல கோளாறுன்னா, மறச்சுக் கட்டிக் குடுத்துட்டாங்கம்பாங்க."

"சரிப்பா" என்றாள். சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிற பெண். பாழாய்ப் போன பழக்கம்.

ஆனி மாதம் குமரேசனின் பெரியப்பாவுக்கு அறுபதாம் கல்யாணம். செங்கம் ரோட்டில் ஒரு மண்டபத்தில் வைத்திருந்தார்கள். மாலையும் கழுத்துமாக உட்கார்ந்திருந்த தம்பதி காலில் வீட்டுப் பிள்ளைகள் ஜோடி ஜோடியாக விழுந்து எழுந்தார்கள். இவர்கள் முறை வந்தது. குமரேசன் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான். கவிநிலா பாதி குனிந்தாள், சட்டென்று நிமிர்ந்தாள், கையைக் கூப்பிக்கொண்டு நின்றுவிட்டாள்.

"விழும்மா" என்றாள் ராணியம்மாள்.

"இல்லத்த."

யாரோ ஒரு சொந்தக்காரர், "கருப்புச் சட்டைக்காரர் பொண்ணு. அப்பன் சொல்லிக் குடுத்து அனுப்பியிருப்பான்" என்றார். கவிநிலாவுக்கு அது ஒரு வழியாகப் போயிற்று. அன்றைக்கு அவள் பேசியது ஒரே வாக்கியம்தான். "எங்கப்பாவுக்குப் பிடிக்காது."

மறுநாள் ராணியம்மாள் ஆபீசுக்கு ஃபோன் பண்ணினாள். "சம்பந்தி, உங்க பொண்ணு நூறு பேரு எதுர்ல எங்க மானத்த வாங்கிட்டா." விவரம் கேட்கக் கேட்க அறிவுச்செல்வனுக்கு முதலில் பகீரென்றது. அப்புறம் நெஞ்சு விம்மியது. தான் விழச் சொல்லி அனுப்பியும் பெண் விழவில்லை. தான் கழற்றி வைத்த சட்டையை அவள் எடுத்துப் போட்டுக்கொண்டாள். வாயே திறக்காத பெண். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது மனுஷருக்கு. சித்திரையில் அவள் சொன்னது அந்த நேரத்தில் நினைவுக்கு வந்ததா என்றால், வந்தது. வந்த வேகத்தில் அதைத் தள்ளிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை வேங்கிக்கால் போய், அவர்கள் கூடத்தில் நாற்காலியில் உட்காராமல் நின்றபடியே அரை மணி நேரம் பேசினார். "என் பொண்ணு யார் கால்லயும் விழ மாட்டா. எங்க வீட்டு ரத்தம் அது. அவளப் பெத்ததுக்கு நான் பெருமப்படறேன்." குமரேசன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். ராணியம்மாள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒன்று கேட்டாள்.

"கால்ல விழாதது உங்க பழக்கம்னா இருந்துட்டுப் போவுது சம்பந்தி. கீழ விழுந்த துணியக்கூட குனிஞ்சு எடுக்க மாட்டேங்கறா. வாசல்ல கோலம் போட மாட்டேங்கறா. அதுவும் உங்க வீட்டு ரத்தமா?"

நல்ல கேள்வி. கம்பத்தில் ஏறி எந்த வயர் அறுந்தது என்று கண்டுபிடிக்கிற மனுஷருக்கு அந்த இடத்திலாவது பொறி தட்டியிருக்க வேண்டும். தட்டவில்லை. "நான் பொண்ணத்தான் குடுத்தேன், வேலக்காரிய அனுப்பல" என்று கத்திவிட்டு வந்தார். கதவோரம் கவிநிலா நின்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகம் அவ்வளவு தெளிவாக இருந்து அவர் பார்த்ததில்லை. அதையும் கொள்கையின் வெளிச்சம் என்றே எடுத்துக்கொண்டார்.

அப்புறம் கேட்க வேண்டுமா? டீக்கடையில் சொன்னார், ஆபீசில் சொன்னார், கம்ப்ளெயின்ட் பார்க்கப் போன வீட்டில் எல்லாம் சொன்னார். "நம்ம பாப்பா இன்னா பண்ணிட்டா தெரியுமா?" என்று ஆரம்பிப்பார். கண்ணாயிரம் இந்த முறை கேலி பண்ணவில்லை. ஆவணியில் திருவண்ணாமலையில் ஒரு கூட்டம் போட்டு, கவிநிலாவை மேடையேற்றிச் சால்வை போர்த்த ஏற்பாடு செய்தார். சம்பந்தி வீட்டுக்குச் சொல்லாமல், அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று பொய் சொல்லி அவளை அழைத்து வந்தார்கள்.

மேடைப் படியில் அவள் கால் தவறினாள். பின்னால் வந்தவர் பிடித்துக்கொண்டார். கண்ணாயிரம் சால்வையை நீட்டியபோது அவள் கை அதற்கு ஒரு சாண் தள்ளிக் காற்றைத் துழாவியது. கூட்டம் சிரித்தது, பெண்ணுக்குக் கூச்சம் என்று. நாற்காலியில் உட்கார்ந்த பிறகு அவள் இடது கண்ணை உள்ளங்கையால் மூடிக்கொண்டு கூட்டத்தைப் பார்த்தாள். கையை எடுத்தாள். மறுபடி மூடினாள். இதெல்லாம் அறிவுச்செல்வன் பார்க்காமல் இல்லை. முதல் வரிசையில்தான் உட்கார்ந்திருந்தார். வீடு திரும்பும்போது, ஒன்று இரண்டாகத் தெரிகிறதா என்று கேட்டுவிடலாம் என்று நாக்கு நுனி வரை வந்தது. கேட்டால் பதில் வரும். பதில் வந்தால் சால்வை எதற்கு என்ற கேள்வியும் வரும். "நல்லா இருந்துச்சும்மா" என்று மட்டும் சொன்னார்.

கண்டுபிடித்தது ராணியம்மாள்தான். தீபாவளி கழிந்த வாரம், காலையில் வாசற்படியில் பால் பாக்கெட்டை எடுக்கக் குனிந்த மருமகள் நிலையைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றாள். எதிரே தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்த ராணியம்மாள் நிமிர்ந்து பார்த்தாள். கண் திறந்திருந்தது. பார்வை இல்லை. கையை முகத்துக்கு நேரே ஆட்டினாள். இமை அடிக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத்தான் கவிநிலா அவளைப் பார்த்து, "அத்த" என்றாள். வாளியை அப்படியே போட்டுவிட்டு, கட்டின புடவையோடு ஊருக்குள் இருந்த கண் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு ஓடினாள் ராணியம்மாள். அவர் கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, இன்றைக்கே வேலூருக்குப் போங்கள் என்று சீட்டு எழுதிக் கொடுத்தார்.

ஆபீசுக்கு ஃபோன் வந்ததும் அறிவுச்செல்வன் சண்டைக்குத் தயாராகத்தான் வேலூர் பஸ் ஏறினார். மந்திரம், தாயத்து என்று ஏதோ பண்ணிவிட்டார்கள் என்று நினைப்பு. பெரிய ஆஸ்பத்திரியில் தேடிக் கண்டுபிடித்துப் போய்ச் சேர்ந்தபோது ஸ்கேன் எல்லாம் எடுத்து முடித்திருந்தார்கள். டாக்டரம்மா எல்லோரையும் உட்கார வைத்தார். ராணியம்மாள் பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது. அதில் உட்கார்ந்தார்.

"கட்டி எதுவும் இல்ல, பயப்படாதீங்க" என்றார் டாக்டரம்மா. "மூளையச் சுத்தி ஒரு நீர் இருக்கு. அது ஊறும், வடியும். இவங்களுக்கு வடியறது கம்மி. மண்டை ஓடு விரியாது இல்லையா, அதனால உள்ள அழுத்தம் ஏறிக்கிட்டே போகுது. கண்ணு நரம்பு மூளையிலேருந்துதான் வருது. அந்த அழுத்தத்துல நரம்போட முனை வீங்கிப் போச்சு. குனிஞ்சா அழுத்தம் இன்னும் ஏறும். பத்து செகண்டு கண்ணு இருட்டிடும். நிமிர்ந்தா வந்துடும்."

மண்டபத்தில் அவள் நிமிர்ந்தது எதற்காக என்று அறிவுச்செல்வனுக்கு இனி ஒருவர் விளக்க வேண்டியதில்லை. ஊர் ஊராகச் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் காதில் திரும்ப விழுந்தது.

"இது ஏன் வருதுன்னு எங்களுக்கே முழுசா தெரியாது" என்று டாக்டரம்மா தொடர்ந்தார். "சின்ன வயசுப் பொண்ணுங்க, கொஞ்சம் உடம்பு போட்டவங்களுக்கு ஜாஸ்தி வரும். இப்ப எனக்கு ஒண்ணு சரியா தெரியணும். எத்தன நாளா இருக்கு? புதுசுன்னா மாத்திரையில அடக்கிடலாம். ரொம்ப நாளா இருந்தா நரம்பு காய ஆரம்பிச்சிருக்கும். அப்ப காத்திருக்கக் கூடாது, ஆபரேஷன்தான். ஓரத்துப் பார்வைக்கு மெஷின்ல டெஸ்ட் எடுத்தோம். பதட்டத்துல பட்டன மாத்தி மாத்தி அமுக்கியிருக்காங்க, அத நம்ப முடியாது."

"ஒரு மாசமா டாக்டர்" என்றாள் கவிநிலா.

"எனக்கு இன்னிக்குத்தாங்க தெரியும்" என்றாள் ராணியம்மாள். "குனிய மாட்டேங்கறாளே, திமிருன்னு நெனச்சுக்கினு இருந்துட்டேன். தப்பு என்னுதுதான்." மருமகள் எதிரில், மகன் எதிரில், சம்பந்தி எதிரில் சொன்னாள். சொல்லிவிட்டு மூக்கைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டாள்.

டாக்டரம்மா அறிவுச்செல்வன் பக்கம் திரும்பினார். "உங்ககிட்ட ஏதாவது சொன்னாங்களா? இதுக்கு முன்னாடி?"

சித்திரை என்று ஒரு சொல் சொன்னால் போதும். அதைச் சொன்னால் அடுத்த சொல்லும் சொல்ல வேண்டும். தெரிந்தும் சொல்லாதே என்றது, தெரிந்தும் மார் தட்டியது, சால்வை, எல்லாம் வரிசையாக வரும். பக்கத்தில் ராணியம்மாள். எதிரில் மாப்பிள்ளை.

"இல்லீங்க" என்றார்.

கவிநிலா அவரைப் பார்க்கவில்லை. மடியில் இருந்த சீட்டை மடித்து மடித்து விரித்துக்கொண்டிருந்தாள்.

அன்று மாலை முதுகுத் தண்டில் ஊசி போட்டு நீர் எடுத்தார்கள். கதவுக்கு வெளியே நின்றிருந்தார் அறிவுச்செல்வன். "ஒருக்களிச்சுப் படுங்க. முட்டிய நெஞ்சோட சேருங்க. தலய நல்லா குனிங்க" என்று உள்ளே குரல் கேட்டது. "சரிங்க" என்றாள் கவிநிலா. இருபதுக்குள் இருக்க வேண்டிய அழுத்தம் நாற்பத்திரண்டு இருந்தது. நீர் எடுத்ததில் தலைவலி விட்டது. ஒரு மாசம்தான் என்பதால் மாத்திரை கொடுத்து, பதினைந்து நாள் கழித்து வரச் சொல்லி அனுப்பினார்கள்.

அந்த நாட்களில் அறிவுச்செல்வன் சாப்பிட்டதும் தூங்கியதும் எப்படி என்று கேட்காமல் இருப்பது மரியாதை. டீக்கடைப் பக்கம் போகவில்லை. யாராவது "பாப்பா எப்படி இருக்குது?" என்றால் சைக்கிளை மிதித்துக்கொண்டு போய்விடுவார். மாத்திரையில் சரியாகிவிடும், சரியாகிவிட்டால் எதற்குச் சொல்ல வேண்டும் என்று தமக்குத் தாமே சமாதானம் சொல்லிக்கொண்டார். முப்பது வருஷமாக ஊருக்கே, எதையும் ஏன் எதற்கு என்று கேளுங்கள் என்று பிரசங்கம் பண்ணியவர், கேட்ட ஒரே ஒரு கேள்விக்குப் பொய் சொன்னார். அது தெரிந்துதான் இருந்தது. தெரிந்திருந்தும் வாய் வரவில்லை.

பத்தாம் நாள் அவருக்குத் திருவண்ணாமலையில் டூட்டி விழுந்தது. தீபத்துக்கு இன்னும் இரண்டு நாள். தற்காலிக பஸ் ஸ்டாண்டுகளுக்கு லைன் இழுக்க எல்லா ஆபீசிலிருந்தும் ஆள் எடுத்திருந்தார்கள். மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் வேங்கிக்கால் வீட்டுக்குப் போனார்.

கவிநிலா கூடத்தில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். அவர் அவளுக்கு இடது பக்கமாக வந்து நின்றார். அவள் திரும்பவில்லை. கோபமாக்கும் என்று நினைத்தார், கோபப்பட வேண்டியதுதான் என்றும் நினைத்தார். ஒரு அடி முன்னால் வந்தார். கையை நீட்டினால் தோளைத் தொடலாம். அவள் தன்பாட்டுக்கு உரித்துக்கொண்டிருந்தாள். மெல்லக் கையைத் தூக்கி அவள் முகத்தருகே ஆட்டினார். ஒன்றும் இல்லை. தோலை முறத்தில் போடத் தலையைத் திருப்பியவள்தான் திடுக்கிட்டுப் போனாள்.

"எப்பப்பா வந்தீங்க?"

"இப்பதாம்மா."

"மாத்திர போட்டா வெரலெல்லாம் மரமரன்னு இருக்குதுப்பா. மத்தபடி தேவல" என்றாள், அவர் கேட்காமலேயே.

அவர் நேரே சமையலறைக்குப் போனார். ராணியம்மாள் குழம்பு கொதிக்க விட்டு நின்றிருந்தாள்.

"சம்பந்தியம்மா. ஒரு மாசம் இல்ல. சித்திரையிலயே எங்கிட்ட சொன்னா."

அவள் திரும்பிப் பார்த்தாள்.

"குனிஞ்சா கண்ணு போவுதுன்னு சொன்னா. நான் கிண்டல் பண்ணிட்டேன். உங்க வீட்ல சொல்லாதன்னு நான்தான் சொல்லி அனுப்பினேன். அந்த மண்டபத்துல அவ விழாதது கொள்கையும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. விழுந்துட்டுப் போன்னுதான் நான் அவளுக்குச் சொல்லியிருந்தேன்." கூடத்துப் பக்கம் கையைக் காட்டினார். "இப்ப அவளுக்கு எடது பக்கம் தெரியல. நான் நின்னது தெரியல அவளுக்கு."

திட்டுவாள் என்று நின்றார். திட்டியிருந்தால் கொஞ்சம் லேசாகியிருக்கும். ராணியம்மாள் அடுப்பை அணைத்தாள். கையைக் கழுவினாள்.

"டாக்டரம்மா கேட்டப்ப என் பக்கத்துலதான உக்காந்திருந்தீங்க" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அதற்கப்புறம் அவள் பேசியதெல்லாம் வேலைப் பேச்சு. "பக்கத்து வூட்லேருந்து குமரேசனுக்கு ஃபோன் போடுங்க. நான் அவளுக்குத் துணி எடுத்து வைக்கிறேன்."

ஊருக்குள் வருகிற பஸ்ஸெல்லாம் கூரை வரைக்கும் ஆளாக வந்துகொண்டிருந்தது. வெளியே போகிற பஸ் காலியாகத்தான் போயிற்று, ஆனால் எதிரே வந்த கூட்டத்தில் நகரவில்லை. போளூர் தாண்டுவதற்கே மூன்று மணி நேரம். கவிநிலா ஜன்னலோரம் குமரேசன் தோளில் சாய்ந்திருந்தாள். பின் சீட்டில் அறிவுச்செல்வனும் ராணியம்மாளும் நடுவில் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். இறங்கி ஓடிவிடலாம் போல அவருக்கு இருந்தது. எங்கே ஓடுவது?

டாக்டரம்மாவிடம் சித்திரையிலிருந்து எல்லாவற்றையும் ஒப்பித்தார். அவர் எழுதிக்கொண்டே, "போன தடவயே இதச் சொல்லியிருக்கலாமே" என்றார். கடுமையாகக்கூடச் சொல்லவில்லை. மறுநாள் காலையிலேயே ஆபரேஷன். முதுகுத் தண்டிலிருந்து வயிற்றுக்குள் ஒரு மெல்லிய குழாய் வைத்து, மிஞ்சுகிற நீர் தானாக வடிகிற மாதிரி செய்தார்கள். அழுத்தம் இறங்கியது. வலது கண்ணைக் காப்பாற்றிவிட்டார்கள். ஓரம் கொஞ்சம் சுருங்கிவிட்டது, நடுவே நன்றாகத் தெரிந்தது, படிக்கலாம். இடது கண்ணில் ஆள் நிழல் ஆடுவது மட்டும் தெரியும், அதுவும் வெளிச்சம் இருந்தால். பத்து நாளைக்கு முன்னால் செய்திருந்தால் என்று அவர் கேட்கப் போனார். டாக்டரம்மா கையை உயர்த்தி, "அதக் கேக்காதீங்க. கேட்டு என்ன பண்ணப் போறீங்க" என்றார்.

கண்ணாயிரம் சாத்துக்குடி வாங்கிக்கொண்டு பார்க்க வந்தார். அறிவுச்செல்வன் அவரை வராந்தாவுக்குக் கூட்டிப் போய் முழுக் கதையையும் சொன்னார். கண்ணாயிரம் தாடையைச் சொறிந்தார். "சரிப்பா, ஆனது ஆயிப்போச்சு. இத வெளியில சொல்லணுமா? இயக்கத்துக்குப் பேஜாரு."

"கிளையில அத்தன பேருக்கும் கடுதாசி போட்டுட்டேன்" என்றார் அறிவுச்செல்வன். "சால்வய திருப்பி அனுப்பிடறேன்."

அன்று மத்தியானம் ராணியம்மாளும் குமரேசனும் சாப்பிடப் போயிருந்தார்கள். கவிநிலா கண்ணை மூடிப் படுத்திருந்தாள். ஒரு ஸ்டூலை எடுத்துக் கட்டிலின் இடது பக்கம் போட்டு உட்கார்ந்தார் அறிவுச்செல்வன். வலது பக்கம் இடம் தாராளமாக இருந்தது. இருந்தும் இடது பக்கம்தான் போனார். அந்தப் பக்கம் உட்கார்ந்தால் அவள் கண் விழித்தாலும் அவர் முகம் அவளுக்குத் தெரியாது. மூன்று நாளாக அவர் உட்கார்ந்தது அந்தப் பக்கத்தில்தான்.

"அப்பா" என்றாள் கவிநிலா.

அவர் நிமிர்ந்ததில் ஸ்டூல் கிறீச்சிட்டது.

"அந்தப் பக்கமா உக்காந்திருக்கீங்க?"

"ஆமாம்மா."

"இந்தப் பக்கம் வாங்கப்பா. அங்க இருந்தா நீங்க இருக்கறதே தெரியல."

எழுந்தார். கட்டிலைச் சுற்றிக்கொண்டு போனார். ஸ்டூலை எடுத்துப் போகத் தோன்றவில்லை, நின்றுகொண்டே இருந்தார். அவள் தலையணையில் முகத்தைத் திருப்பி, இருக்கிற ஒரு கண்ணால் அவரைப் பார்த்தாள். அவருக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

"எனக்கு மானம் போயிடும்னு நான் பொய் சொன்னேன்" என்றார். "நீ ஏம்மா ஒரு மாசம்னு சொன்ன? ஒன் கண்ணு அது."

சொல்லலாமா என்று அவள் யோசித்த மாதிரி இருந்தது.

"நீங்க என்னப் பத்தி நல்லதா பேசி நான் கேட்டதே இல்லப்பா. அன்னிக்கு அந்தக் கூடத்துல நின்னுக்கினு, இவளப் பெத்ததுக்குப் பெருமப்படறேன்னு சொன்னீங்களே. கதவாண்ட நின்னு கேட்டுக்கினு இருந்தேன். கண்ணுதான் காரணம்னு சொல்லிட்டா, அப்பால அப்படிப் பேச மாட்டீங்கல்ல?"

அறிவுச்செல்வன் கட்டிலோரம் குனிந்து, முகத்தை அவள் வலது கண்ணுக்கு நேரே கொண்டு வந்தார். அவள் பதிலுக்காக அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.